பட்டியா, துளியா, பேனாவா: திருகோணமலைத் தண்ணீரில் செடித் தொட்டி வளர்ப்பவர் எதை வாங்கலாம்?

“அண்ணா, தண்ணி பார்க்க எதை வாங்குறது? பட்டியா, துளிப் போத்தலா, இல்லாட்டி அந்தப் பேனாவா?” என்று போன மாதம் நிலாவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டான். பட்டி என்பது தண்ணீரில் முக்கினால் நிறம் மாறும் சோதனைத் துண்டு, துளிப் போத்தல் என்பது துளி துளியாகப் போட்டுப் பார்க்கும் சோதனை மருந்து, பேனா என்பது தண்ணீரில் வைத்தால் எண் காட்டும் மின்கருவி. அதே கிழமை லிங்கநகரில் இருக்கும் ஓர் அக்காவும் ஏறக்குறைய இதையே கேட்டார். தம்பியின் மீன் தொட்டியில் வலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியின் இலைகளின் மேல் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை படிகிறது. அக்காவின் தொட்டியில் புதிதாக வரும் இலைகள் எல்லாம் வெளிறி மஞ்சளாக இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க இரண்டு பேரிடமும் காசு இல்லை. முதலில் வாங்குவது சரியானதாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை.

இரண்டு பேருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை. தம்பி வீட்டில் கிணறு, அக்கா வீட்டில் குழாய். கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கருவியில் இருந்து தொடங்குகிறார்கள். நம் ஊரில் தண்ணீரில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

## நம் தொட்டிக்குள் போகும் தண்ணீர்

நகரக் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். சுத்திகரித்து, குளோரின் போட்டு அனுப்புகிறார்கள். கரையோரக் கிணறுகளோடு பார்க்கும்போது இது மென்மையானது. குளோரினை மட்டும் போக்கிவிட்டால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கக் கிணறுகளின் கதை வேறு. அங்கே மணல் நிலம். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நாம் அள்ளுவது அந்தப் படையைத்தான். கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் படை மெலிகிறது. மோட்டர் போட்டு இறைக்க இறைக்க உவர் மேலே ஏறுகிறது. அதோடு மணலில் கிடக்கும் ஊரி, சிப்பி, முருகைக்கல் துண்டுகள் மெல்லக் கரைந்து சுண்ணாம்பையும் சேர்க்கின்றன. ஆக, கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று சுண்ணாம்பு, மற்றது கறியுப்பு. நாக்கு இரண்டையும் ‘சவர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். செடிக்கு இரண்டும் ஒன்றல்ல.

மூன்றாவது மழைத் தண்ணீர். மாரியில், ஐப்பசி தொடங்கித் தை வரை, பீலியில் கொட்டும். அதில் சுண்ணாம்பும் இல்லை, உப்பும் ஏறக்குறைய இல்லை. நல்ல பொருள்தான். ஆனால் தனியாக ஊற்றக்கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி அளவுகள். ஜிஎச் என்பது தண்ணீரில் உள்ள கல்சியம், மக்னீசியத்தின் அளவு. கேஎச் என்பது பிஎச் (தண்ணீரின் அமில, கார நிலை) சட்டென்று விழாமல் தாங்கிப் பிடிக்கும் இருகாபனேற்றின் அளவு. இரண்டையும் பாகையில் சொல்வார்கள். ஒரு பாகை ஏறத்தாழ 17.8 பிபிஎம் (லீட்டருக்கு மில்லிகிராம்). டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் எல்லாவற்றினதும் மொத்தக் கணக்கு. அது எது எவ்வளவு என்று பிரிக்காது. பிஎச் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் முதலில் கேட்பதும் அதைத்தான், ஆனால் செடித் தொட்டியில் அது தானாக ஓடுவதில்லை. கேஎச்சும் காபனீரொட்சைட்டும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே அது ஏறும், இறங்கும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். முதலாவது, நம் தண்ணீரில் இருக்கும் கோளாறு இந்தக் கருவியின் கண்ணுக்குத் தெரியுமா? இரண்டாவது, அது தரும் விடையை வைத்து ஒரு வாளி தண்ணீரை எப்படிக் கலப்பது என்று முடிவெடுக்க முடியுமா? ‘கொஞ்சம் கூட’ என்று மட்டும் சொல்லும் கருவியால் பயன் குறைவு. மூன்றாவது, நம் வெக்கையையும் கடற்காற்றின் ஈரத்தையும் தாங்குமா? நான்காவது, பெட்டியின் விலை அல்ல, ஒரு வருடத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு? ஐந்தாவது, வேலை முடிந்து களைத்து வரும் ஒருவர் இதை உண்மையில் செய்வாரா?

| | எது தெரியும் | எது தெரியாது | நம் காற்றில் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| பட்டி | பிஎச், கேஎச், ஜிஎச், நைட்ரைட், நைட்ரேட் (தோராயமாக) | கறியுப்பு. பெரும்பாலும் அமோனியாவும் | ஈரம் பட்டால் கெடும் | பாதிப் பட்டிகள் வீணாகும் |
| துளி | வாங்கும் ஒவ்வொன்றும் தனித்தனியாக, துல்லியமாக | கறியுப்பு | மூடி இறுக்கினால் தாங்கும் | கடினத் தண்ணீரில் சீக்கிரம் தீரும் |
| டிடிஎஸ் பேனா | மொத்த உப்பு | அது எந்த உப்பு என்பது | நன்றாகத் தாங்கும் | பொத்தான் பற்றறி மட்டும் |
| பிஎச் பேனா | பிஎச் | மற்ற எல்லாம் | நுனி காய்ந்தால் போச்சு | அளவு திருத்தும் கரைசல், புது நுனி |

அட்டவணையில் ‘கறியுப்பு’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பட்டிக்கும் துளிக்கும் அது தெரியாது. பேனாவுக்குத் தெரியும், ஆனால் சுண்ணாம்பில் இருந்து பிரித்துச் சொல்லத் தெரியாது. கரையோரக் கிணறு வைத்திருப்பவருக்கு ஒரே கருவி ஏன் போதாது என்பதற்கு இதுதான் காரணம்.

## சோதனைப் பட்டி

தண்ணீரில் ஒரு கணம் முக்கி எடுத்து, ஒரு நிமிடம் பொறுத்து, நிறத்தை டப்பாவோடு ஒப்பிட வேண்டியதுதான். குழந்தைகூடச் செய்யும். கடைசி அளவுகோலில், அதாவது உண்மையில் செய்வோமா என்பதில், பட்டிதான் முதலிடம்.

மற்ற நான்கிலும் பின்தங்குகிறது. பரவலாகக் கிடைக்கும் ஐந்து கட்டப் பட்டிகளில் அமோனியா கிடையாது. அதற்கு வேறு பட்டி வாங்க வேண்டும். புதுத் தொட்டியில் மீனைக் கொல்வதில் முதலாவது அமோனியாதான். கேஎச் கட்டம் 80, 120, 180 பிபிஎம் என்று தாவித் தாவிப் போகும். 120க்கும் 180க்கும் இடையில் மூன்று பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் நின்று கலவைக் கணக்குப் போட முடியாது.

அப்புறம் ஈரம். டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் மருந்து வைத்திருப்பார்கள். கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டில், ஈரக் கையோடு நாலைந்து தடவை திறந்தால் அது நிறைந்துவிடும். அதன் பிறகு பட்டியின் கட்டங்கள் தண்ணீரில் முக்காமலே நிறம் மாறத் தொடங்கும். பட்டியை இரண்டாக வெட்டிப் பாவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சிக்கனம் நல்லது, ஆனால் வெட்டும் நேரம் முழுவதும் டப்பா திறந்திருக்கிறது.

பட்டி பொருந்துகிற இடமும் உண்டு. வீடு மாறுகிறீர்கள், ஐந்தாறு கிணறுகளில் எதன் தண்ணீர் பரவாயில்லை என்று ஒரே நாளில் பார்க்க வேண்டும். அல்லது ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தண்ணீரைப் பற்றிக் காட்ட வேண்டும். இந்த இரண்டுக்கும் பட்டியே போதும்.

## துளிப் போத்தல்

இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் காசு போவது இதில்தான்.

கேஎச் சோதனை எளிது. சோதனைக் குழாயில் 5 மில்லிலீட்டர் தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு துளியாக எண்ணிப் போட்டுக் குலுக்குங்கள். நிறம் மாறும்வரை எத்தனை துளி போனதோ அத்தனை பாகை. பலரும் பாவிக்கும் ஏபிஐ என்ற நிறுவனத்தின் போத்தலில் கேஎச் நீலத்தில் இருந்து மஞ்சளுக்குப் போகும், ஜிஎச் செம்மஞ்சளில் இருந்து பச்சைக்குப் போகும். நிறச் சாயலை ஒப்பிடும் வேலையே இல்லை, எண்ணினால் போதும். கண்ணாடி போடும் வயதில் இருப்பவருக்கும் மஞ்சள் பல்புக்குக் கீழே நிற்பவருக்கும் அதே விடைதான் வரும். இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்றால் 10 மில்லிலீட்டர் எடுங்கள், ஒரு துளி அரைப் பாகை ஆகிவிடும்.

இங்கேதான் மறைந்த செலவு. 10 மில்லிலீட்டர் குப்பியில் ஏறத்தாழ 200 துளிகள். குழாய்த் தண்ணீர் கேஎச் 4 என்றால் 50 தடவை பார்க்கலாம். கிணற்றுத் தண்ணீர் கேஎச் 14 என்றால் பதினான்கு தடவையில் குப்பி காலி. கடினத் தண்ணீர்க்காரருக்கு அதே போத்தல் மூன்றரை மடங்கு விலை. நான் செய்வது, கிணற்றை நேரடியாகப் பார்க்கும்போது சிரிஞ்சால் அளந்து 2.5 மில்லிலீட்டர் மட்டும் எடுப்பது. அப்போது ஒரு துளி இரண்டு பாகை. கிணற்றுக்கு அந்தத் துல்லியம் தாராளம். தொட்டித் தண்ணீருக்கு மட்டும் முழு 5 மில்லிலீட்டர்.

நைட்ரேட் துளி அவ்வளவு சொன்னபடி கேட்காது. ஏபிஐ நைட்ரேட்டில் இரண்டாவது போத்தலின் அடியில் மருந்துப் பொடி இறுகிக் கிடக்கும். அதை 30 விநாடி பலமாகக் குலுக்கி, போட்ட பிறகு குழாயையும் ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். குலுக்காவிட்டால் எப்போதும் ‘நைட்ரேட் இல்லை’ என்றே வரும். அதை நம்பி உரத்தைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் பாசியோடு மல்லுக்கட்டியவர்கள் என் பழக்கத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

அமோனியாத் துளி காட்டுவது மொத்த அமோனியா. அதில் எவ்வளவு நஞ்சு என்பதைப் பிஎச்தான் தீர்மானிக்கிறது. நம் தொட்டிகள் சாதாரணமாக 28 பாகை செல்சியஸில் நிற்கின்றன. அந்தச் சூட்டில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நச்சு வடிவத்தில் இருக்கும். பிஎச் 8 என்றால் ஆறரை சதவீதம், பிஎச் 8.5 என்றால் 18 சதவீதம் அளவில். கொழும்புப் பக்கத்து மென்மையான தண்ணீரில் மீன் தாங்கிய அதே அளவு அமோனியா, நிலாவெளிக் கிணற்றுத் தண்ணீரில் ஒரே இரவில் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீரில் புதுத் தொட்டி போடுகிறவர் முதல் ஆறு கிழமைக்கு அமோனியாத் துளி இல்லாமல் இருக்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பிஎச் துளி வாங்கினால் எல்லையைப் பாருங்கள். ஏபிஐயின் சாதாரணப் போத்தல் 7.6 வரைக்கும்தான் போகும். 8.3 இருக்கும் கிணற்றுத் தண்ணீரும் அதில் 7.6 போலவே தெரியும். 7.4 முதல் 8.8 வரை காட்டும் உயர் எல்லைப் போத்தல் வேறாக உண்டு.

வெக்கையில் கிடந்து வந்த போத்தலை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. பற்றறிக்கு ஊற்றும் வடித்த நீர் ஒரு லீட்டர் (அசிட் அல்ல, தண்ணீர்), அதில் 3 கிராம் அப்பச் சோடா. இது 100 பாகைக் கரைசல். இதில் 100 மில்லிலீட்டர் எடுத்து, வடித்த நீரை ஊற்றி ஒரு லீட்டர் ஆக்குங்கள். இப்போது கேஎச் 10. உங்கள் போத்தல் பத்தாவது துளியிலோ அதற்கு ஒன்று முன்பின்னாகவோ நிறம் மாறினால் நல்ல நிலையில் இருக்கிறது. நகை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று இருந்தால் இந்தச் சோதனைக்கு வேறு செலவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தப் போத்தல்களில் அமிலமும் காரமும் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கண் மருந்துப் போத்தல் மாதிரியே தெரியும். உயரத்தில் வையுங்கள்.

## டிடிஎஸ் பேனா

தண்ணீருக்குள் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று பார்த்து, அதைப் பிபிஎம் ஆக மாற்றிக் காட்டும் கருவி. மலிவு. இரண்டு விநாடியில் விடை. கழுவித் துடைத்து வைத்தால் வருடக் கணக்கில் உழைக்கும். கிணறு வைத்திருப்பவருக்கு இது தரும் பயன் பெரியது: உவர் எப்போது ஏறுகிறது என்று முதலில் சொல்வது இதுதான். என் வீட்டுக் கிணறு மாசியில் 480 காட்டும், ஆவணி கடைசியில் 820. அதே காலத்தில் ஜிஎச் 14ல் இருந்து 17க்குத்தான் ஏறுகிறது, கேஎச் இரண்டு பாகை கூடுகிறது. சுண்ணாம்பு கொஞ்சம் ஏறியிருக்கிறது, பேனா காட்டும் ஏற்றமோ அதைவிட மிகப் பெரியது. இடையில் உள்ளது பெரும்பாலும் கறியுப்பு. துளியும் பேனாவும் சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு வருகிறது, ஒன்று மட்டும் இருந்தால் வராது.

இன்னொரு வேலைக்கும் பேனா நல்லது. கச்சான் காலத்தில் திறந்த தொட்டியில் தண்ணீர் வேகமாக வற்றும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்; உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே நிற்கும். அதன் மேல் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி நிரப்பினால் ஒவ்வொரு கிழமையும் ஒரு படி ஏறும். தொட்டியின் டிடிஎஸ் கிணற்றை விட 100க்கு மேல் போய்விட்டால், உரம் போட்ட கணக்கும் சரியாக இருந்தால், வற்றியதை நிரப்ப மழைத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ (சவ்வு வழியாக உப்பை நீக்கிய தண்ணீர்) பாவிக்க வேண்டிய நேரம்.

பேனாவை மட்டும் நம்பி நான் ஒரு முறை பெரிய பிழை செய்தேன். அப்போது என்னிடம் துளிப் போத்தல் இல்லை. இரண்டடித் தொட்டியில் பதினொரு செரி பார்ப் மீன்கள். நம் நாட்டின் தென்மேற்கு ஈர வலயத்து ஓடைகளுக்கே உரிய மீன், மென்மையான தண்ணீரில் பிறந்தது. அதற்கு நல்லது செய்வதாக நினைத்து, மார்கழி மழையைப் பிடித்து மூன்று நாளில் தொட்டியை 700ல் இருந்து 140க்குக் கொண்டுவந்தேன். பேனாவைப் பார்த்து மகிழ்ந்தேன். ஈஸ்ட் போத்தலில் இருந்து காபனீரொட்சைட்டும் போய்க்கொண்டிருந்தது. கேஎச் ஒரு பாகைக்குக் கீழே போய்விட்டது என்று சொல்ல அந்தப் பேனாவால் முடியாது. அடுத்த கிழமை பிஎச் 6க்குக் கீழே சரிந்தது, வடிகட்டியில் இருந்த நல்ல பற்றீரியாவும் மந்தமானது. ஏழு மீன்கள் செத்தன. கிரிப்டோகொரைன் இலைகள் எல்லாம் கூழாகக் கரைந்தன. அவ்வளவு வேகமாக இறக்கியதும் பிழை, தாங்கும் கேஎச் இல்லாமல் செய்ததும் பிழை. மழைத் தண்ணீரைத் தனியாக ஊற்றாதீர்கள் என்று மேலே சொன்னது இந்தப் பாடத்தால்.

சரியான முறை கணக்கு மாதிரி எளிது. கிணறு கேஎச் 12, ஜிஎச் 18 என்றால், ஒரு வாளி கிணறு, இரண்டு வாளி மழை. கேஎச் 4, ஜிஎச் 6 வரும். கறியுப்பும் மூன்றில் ஒன்றாகும். அதைத் தொட்டியில் ஒரே நாளில் அல்ல, கிழமைக்கு 20 சதவீதமாக மாற்றிக்கொண்டு போங்கள்.

## பிஎச் பேனா

நான்கில் விலை கூடியது, நான்கில் முதலில் கெடுவதும் இதுதான். நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் எப்போதும் அதற்குரிய சேமிப்புக் கரைசலில் நனைந்திருக்க வேண்டும். வடித்த நீரில் வைத்தாலும் கெடும், காய்ந்தாலும் கெடும். மாதத்துக்கு ஒரு தடவையாவது 7, 4 என்ற இரண்டு கரைசல்களில் வைத்து அளவு திருத்த வேண்டும். ஓரிரு வருடத்தில் நுனி கிழடாகிவிடும்.

சிலிண்டர் வைத்துக் காபனீரொட்சைட்டு விடுபவர்கள் இதை வாங்க ஆசைப்படுவார்கள். கேஎச்சும் பிஎச்சும் தெரிந்தால் வாயுவின் அளவைக் கணக்கிடலாம் என்பது உண்மை. கேஎச் 4, பிஎச் 6.6 என்றால் ஏறத்தாழ 30 பிபிஎம். ஆனால் பேனா 0.2 பிழைத்தால் அந்த 30 உண்மையில் 19 ஆகவும் இருக்கலாம், 48 ஆகவும் இருக்கலாம். செடிக்குப் பற்றாக்குறைக்கும் மீன் மேலே வந்து வாய் பிளப்பதற்கும் உள்ள தூரம் அது.

அதைவிடத் தொட்டிக்குள் ஒட்டி வைக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழ் நல்லது. உள்ளே கேஎச் 4 கரைசலும் நிறம் காட்டும் மருந்தும். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் 30 பக்கம், மஞ்சள் என்றால் உடனே குறையுங்கள். ஒன்று இரண்டு மணி நேரம் பிந்தித்தான் காட்டும். கரைசலை வாங்க வேண்டியதில்லை: மேலே சொன்ன 100 பாகைக் கரைசலில் 40 மில்லிலீட்டர் எடுத்து, வடித்த நீரால் ஒரு லீட்டர் ஆக்கினால் கேஎச் 4. தொட்டித் தண்ணீரை மட்டும் அதற்குள் ஊற்றிவிடாதீர்கள், நிறம் பொய் சொல்லும்.

## ஒன்றையும் வாங்காமல் பாதித் தண்ணீர் மாற்றுவது

இதுவும் ஒரு தெரிவுதான், மரியாதையான தெரிவு. அமெரிக்கச் செடித் தொட்டிக்காரர் டாம் பார் பரப்பிய முறை: உரத்தைத் தேவைக்கு மேலேயே போடு, கிழமைக்கு ஒரு தடவை பாதித் தண்ணீரை மாற்று, மிச்சமானது சேர்ந்து நிற்காது, சோதனையும் தேவையில்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான அழகான தொட்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன.

குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு இதை மனதாரப் பரிந்துரைப்பேன். கிணற்று வீட்டுக்கு அல்ல. மாற்றும் பாதியே கோளாறாக இருந்தால், ஒவ்வொரு கிழமையும் கோளாறைப் புதுப்பிக்கிறோம். குழாய் வீட்டிலும் இரண்டு செலவு மறைந்திருக்கிறது. ஒன்று, வறட்சியில் நேரம் வைத்துத் தண்ணீர் வரும்போது 30 லீட்டரை மீனுக்கு ஒதுக்குவது வீட்டில் கேள்வியாகும். மற்றது குளோரின். பாதித் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கி கட்டாயம், அல்லது முதல் நாள் இரவே வாளியில் பிடித்து காற்றுக்கல் போட்டு வைக்க வேண்டும்.

## ஆய்வுகூட அறிக்கை

கிணற்றுத் தண்ணீரை ஒரு தடவை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்ல காசு. கறியுப்பின் அடையாளமான குளோரைட்டு தனியாக வருவது அதில்தான். அறிக்கையில் கடினத்தன்மை லீட்டருக்கு மில்லிகிராமில் இருக்கும், 17.8ஆல் வகுத்தால் பாகை. இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 கடினத்தன்மையை 250 வரை அனுமதிக்கிறது. அது 14 பாகை. குடிக்க உகந்தது என்று அறிக்கை வந்தாலும் எல்லாச் செடிக்கும் உகந்தது என்று அர்த்தமில்லை. நைட்ரேட்டை ‘நைட்ரேட் நைதரசன்’ என்று எழுதியிருந்தால் 4.4ஆல் பெருக்கித்தான் நம் போத்தல் காட்டும் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

## ஆக, யார் எதை வாங்க?

கரையோரக் கிணறு: கேஎச், ஜிஎச் துளியும் மலிவான டிடிஎஸ் பேனாவும். இரண்டும் சேர்ந்தாலும் பெரிய பெட்டிக் கிட்டை விடக் காசு குறைவு. புதுத் தொட்டி என்றால் அமோனியாத் துளியும். கூடவே மழைத் தண்ணீர் பிடிக்க ஒரு பீப்பாய். பீப்பாயின் வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் டெங்கு பார்க்க வருபவர்கள் கேட்பது நியாயம்தான். பருவத்தின் முதல் மழையை ஓட விடுங்கள், கூரையில் ஆறு மாதத் தூசியும் காக எச்சமும் இருக்கும். மழை முடிந்த காலத்துக்கு 19 லீட்டர் ஆர்ஓ போத்தல் இருக்கிறது; வற்றியதை நிரப்ப மட்டும் என்றால் கட்டுப்படியாகும், முழுத் தண்ணீர் மாற்றத்துக்கு என்றால் ஆகாது. கலக்கவே நேரமில்லை என்பவர்கள் செடியை மாற்றலாம். வலிஸ்நேரியா, வேலம்பாசி, நம் நாட்டுக்கே உரிய கிரிப்டோகொரைன் வென்டியை, மீனில் கப்பியும் மொலியும் சுண்ணாம்புத் தண்ணீரில் செழிக்கும்.

நகரக் குழாய்: கேஎச், ஜிஎச் ஒரு தடவை யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள், மாரியிலும் கோடையிலும் ஒவ்வொரு தடவை போதும். காசை நைட்ரேட் துளிக்கும் நல்ல உரத்துக்கும் போடுங்கள். இரும்புச் சோதனைப் போத்தல் வேண்டாம். உரத்தில் கட்டிப்போட்ட இரும்பை அது ஒழுங்காகக் காட்டாது, புது இலையின் நிறம் அதைவிட உண்மை சொல்லும்.

ஆர்ஓ அல்லது மழை மட்டும்: கேஎச், ஜிஎச் துளி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். இங்கே அது மீனின் உயிர்.

லிங்கநகர் அக்காவின் தொட்டிக்கு என் போத்தலைக் கொண்டு போனேன். கேஎச் 5, ஜிஎச் 6, தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. பிஎச் மட்டும் 7.7. அவருடைய உரத்தில் இருந்த, இடிடிஏ என்ற சேர்மத்தால் கட்டிப்போட்ட இரும்பு அந்தப் பிஎச்சில் நிலைக்காது, செடி எடுப்பதற்குள் படிந்துவிடும். டிடிபிஏ என்ற வேறு சேர்மத்தால் கட்டிப்போட்ட இரும்பு உள்ள உரத்துக்கு மாறச் சொன்னேன், ஒரு கருவியும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

நிலாவெளித் தம்பி வீட்டில் கிணறு கேஎச் 11, தொட்டி கேஎச் 15. தொட்டி எப்படிக் கிணற்றை மிஞ்சியது என்று தேடினால், அழகுக்காக அடுக்கிய முருகைக்கல் நான்கும், கடற்கரையில் அள்ளிய மணலும். ஒரு பிடி மணலில் வினாகிரி ஊற்றிக் காட்டினேன், சோடா மாதிரி நுரைத்தது. கல்லை அன்றைக்கே எடுத்துவிட்டான். மணலைச் செடிகளுக்குச் சேதம் வராமல் வாரத்துக்கு ஒரு மூலையாக மாற்றிக்கொண்டிருக்கிறான். போன சனிக்கிழமை அவன் போட்ட துளி பதினொன்று.